நெல்லைக்குப் பாலம் தந்த சிரஸ்தார்

சேத்தூரிலிருந்து திருநெல்வேலிக்கு இப்போது பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு பிரயாணமாகவே தோன்றாது. காலையில் புறப்பட்டு, சங்கரன்கோவிலில் ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கலெக்டர் ஆபீசில் வேலை இருந்தால் அங்கிருந்து ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும். நடுவே தாமிரபருணி ஆறு குறுக்கிடுகிறது என்பதைக்கூடப் பலர் கவனிப்பதில்லை. ஜன்னல் வழியே இரண்டு நிமிஷம் காற்று குளிர்ச்சியாக வீசும். அவ்வளவுதான்.

அந்த இரண்டு நிமிஷத்துக்காக ஒரு மனிதர் தம் குடும்பச் சொத்தில் அரை லட்சம் ரூபாயைக் கொட்டினார். அவர் ராஜா அல்ல, ஜமீன்தாரும் அல்ல. கலெக்டர் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். சுலோசன முதலியார் என்பது அவர் பெயர்.

நெல்லையில் அந்தப் பெயரைச் சொல்லாத நாள் கிடையாது. வழி கேட்கிறவருக்கு வழி சொல்லுகிறவர்களும், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று விசாரிக்கிறவர்களும் சுலோசன முதலியார் பாலம் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி அது பாலத்தின் பெயராகவே ஆகிவிட்டது. அந்தப் பெயருக்குள் ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் மறந்துபோயிற்று.

ஆறு பிரித்த இரண்டு ஊர்கள்

திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் இரட்டை நகரங்கள். ஒன்றில் நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் கோயில் கொண்டிருக்கிறார்கள். கடைவீதியும் வியாபாரமும் அந்தப் பக்கம். மற்றொன்றில் கம்பெனியார் காலத்திலிருந்தே கோட்டை, பட்டாளம், கோர்ட்டு, கச்சேரி, பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடங்கள். சாமி கும்பிடவும் சாமான் வாங்கவும் மேற்கே வர வேண்டும். வழக்காடவும் வரி கட்டவும் கிழக்கே போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஆறு.

ஆறு என்றால் வைகையைப்போல வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற ஆறு அல்ல. பொதிகையில் பிறக்கும் தாமிரபருணிக்கு இரண்டு பருவ மழையும் உண்டு. ஆனி, ஆடியில் மேல்காற்று மழை வந்து ஒரு முறை பெருகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வந்து இன்னொரு முறை பெருகும். மழைக்காலத்தில் கரை புரண்டு ஓடும்போது துறையில் காத்திருப்பவர்கள் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். வெள்ளம் வடிந்த காலத்திலும் படகுதான் கதி.

இதில் உள்ளூர்க்காரர்களைவிட அதிகம் கஷ்டப்பட்டவர்கள் தூரத்து ஊர்க்காரர்கள். அந்நாளில் சேத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா முழுவதுமே அப்படித்தான். 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா ஏற்பட்டபோது அது அங்கே போயிற்று. 1985-இல் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. பூலித்தேவர் காலத்தில் மேற்குப் பாளையங்களின் அணியில் நின்ற சேத்தூர், 1803-இல் கம்பெனியார் பாளையங்களை ஜமீன்களாக்கிச் சன்னது கொடுத்தபோது பேஷ்குஷ் கட்டும் ஜமீனாயிற்று. தமிழ்ப் புலவர்களை வைத்து ஆதரித்த ஜமீன் என்ற பெயர் அதற்கு உண்டு. ஆனால் புலவரை ஆதரிக்கிற ஜமீனானாலும், ஒரு வழக்கு, ஒரு மனு, ஒரு பாக்கி என்றால் அதன் காரியஸ்தர் திருநெல்வேலிக்குத்தான் வண்டி கட்டியாக வேண்டும். குடியானவன் கால்நடையாகவே போவான். மேற்கு மலையடிவாரத்திலிருந்து புறப்பட்டு, வழியில் சத்திரத்திலும் மரத்தடியிலும் படுத்து எழுந்து, மூன்றாம் நாள் ஆற்றங்கரைக்கு வந்து நின்றால், கச்சேரி எதிர்க் கரையில் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியும், காலுக்கு எட்டாது. வாய்தா தேதி தவறினால் நீதிபதி வெள்ளத்தைச் சாட்சிக்கு அழைப்பாரா?

படகுத் துறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. படகு சிறியது, ஜனங்கள் அதிகம். யார் முதலில் ஏறுவது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதெல்லாம் சண்டையில் போய் முடியும். அது ஜாதி பார்த்த காலம். ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஏறமாட்டார். தலைச்சுமைக்காரர்கள், தபால்காரர்கள், பட்டாளத்துச் சிப்பாய்கள், தேர் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே துறையில் ஒரே படகுக்காக நின்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

1840-இல் அது நடந்துவிட்டது. படகில் இடம் பிடிப்பதில் தொடங்கிய தகராறு அடிதடியாகி, அடிதடி கலகமாகி, உயிர்ச்சேதத்திலும் முடிந்தது. அப்போது புதிதாகக் கலெக்டராக வந்திருந்தவர் இ. பி. தாம்சன் துரை. வந்த சில நாட்களிலேயே அவருக்குக் கிடைத்த வரவேற்பு இது. சிப்பாய்களை நிறுத்தித் துறையைக் காவல் காக்கலாம். ஆனால் எத்தனை நாளைக்கு? பாலம் ஒன்று கட்டினாலொழிய இதற்கு முடிவு இல்லை என்று அவர் தீர்மானித்தார்.

பாலத்துக்குப் படம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை

ஆலோசனைக்குக் கூடியவர்களில் இரண்டு எஞ்சினீயர்கள் உண்டு. ஒருவர் கேப்டன் பேபர். மற்றவர் டபிள்யூ. எச். ஹார்ஸ்லி. இந்த ஹார்ஸ்லி சாமானியப்பட்டவர் அல்லர். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா நிறுவிய வானிலைக் கூடத்துக்கு, அதாவது நட்சத்திரங்களைப் பார்க்கும் கூடத்துக்கு, 1837-இல் கட்டடப் படம் போட்டுக் கொடுத்தவர் அவர்தாம். நெல்லைப் பாலத்துக்குப் படம் போட்டவர் பேபர்.

படம் அழகாகவே அமைந்தது. நீளம் 760 அடி. அகலம் இருபத்தொன்றரை அடி. அறுபது அடி விட்டமுள்ள வளைவுகள் 11. கணக்குப் பார்க்கிற வாசகர்கள் பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்: வளைவுகள் மட்டும் 660 அடி. மீதமுள்ள 100 அடியை நடுவிலுள்ள 10 தூண்களுக்குப் பங்கிட்டால் தூணுக்குப் பத்தடி கனம் வருகிறது. வெள்ளத்துக்கு எதிரே நிற்கிற தூணுக்கு அந்தக் கனம் வேண்டியதுதான். எதிரும் புதிருமாக வரும் இரண்டு பார வண்டிகள் ஒன்றையொன்று உரசாமல் போக அகலமும் போதும்.

லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தின் சாயலில் இது அமைந்தது என்று சொல்வார்கள். ஜான் ரென்னி என்ற எஞ்சினீயர் கட்டி, 1817-இல் திறக்கப்பட்ட பாலம் அது. ஒன்பது வளைவுகள். கருங்கல் வேலை. தூண்களின் முகப்பில் இரட்டை இரட்டையாகச் சிறு தூண்கள் நிற்கும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே அழகான பாலம் என்று பெயர் வாங்கியது. அதைப்போல ஒன்றை நெல்லையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பேபருக்குத் தோன்றியிருந்தால் அதில் தவறில்லை.

ஆனால் செலவு அரை லட்சம் ரூபாய் என்று மதிப்பாயிற்று.

அந்நாளில் அரை லட்சம் என்பது என்ன? ஒரு கூலியாளுக்கு நாளொன்றுக்கு இரண்டணாக் கூலி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ரூபாய்க்குப் பதினாறு அணா. 50,000 ரூபாய்க்கு எட்டு லட்சம் அணா. அப்படியானால் நாலு லட்சம் நாள் கூலி. ஒரே ஆள் சம்பாதிப்பதென்றால் ஒரு நாள்கூட ஓயாமல் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வேலை செய்ய வேண்டும்.

கம்பெனி சர்க்காரிடம் கேட்டால் கொடுத்திருக்க மாட்டார்களா என்று வாசகர்கள் கேட்கலாம். கம்பெனியாருக்கு வரி வாங்கத்தான் தெரியும். சாலை போடத் தெரியாது. ராணி மங்கம்மாள் நட்ட சாலை மரங்களின் நிழலில் நடந்துதான் அவர்களுடைய பட்டாளமே பல இடங்களில் போய் வந்தது. சென்னை ராஜதானியில் சாலைகளும் பாலங்களும் ஏரிகளும் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன என்று 1852-இல் கம்பெனியாரே நியமித்த கமிஷன் குறை கூறிற்று. அதே வருஷம் கஜூலு லட்சுமிநரசு செட்டியாரும் அவருடைய சங்கத்தாரும் பார்லிமெண்டுக்கு அனுப்பிய மனுவிலும் இந்தக் குறை இருந்தது. 1840-இல் நிலைமை இதைவிட மோசம். எனவே ஜனங்களிடமே வசூல் செய்து பாலம் கட்டுவது என்று தீர்மானமாயிற்று. வசூலிக்கும் பொறுப்பு கச்சேரி சிரஸ்தாரிடம் வந்தது.

அந்தச் சிரஸ்தார்தான் சுலோசன முதலியார்.

துபாஷியின் மகன்

சிரஸ்தார் உத்தியோகம் என்றால் இப்போது பலருக்கு விளங்காது. கலெக்டர் கச்சேரியில் இந்தியர்களுக்கு எட்டக்கூடிய பெரிய உத்தியோகம் அது. கணக்கு, ஜமாபந்தி, மனு, தாசில்தார்களின் கடிதங்கள் எல்லாம் அவர் கைவழியாகத்தான் துரையிடம் போகும். துரைகள் வருவார்கள், போவார்கள், சிரஸ்தார் இருப்பார். எந்த ஊரில் எந்த நிலம் தண்ணீர் பாயாமல் கிடக்கிறது, எந்த மிராசுதார் பாக்கி வைத்திருக்கிறார் என்பது துரைக்குத் தெரியாது, சிரஸ்தாருக்குத் தெரியும். நல்லவராயிருந்தால் ஜில்லாவுக்கு நன்மை. கெட்டவராயிருந்தால் ஜில்லாவையே விற்றுவிடலாம். விற்றவர்களும் உண்டு.

முதலியார் தொண்டை மண்டலத்திலிருந்து வந்து நெல்லைச் சீமையில் தங்கிய குடும்பம். பரம்பரையாகவே பொருள் படைத்தவர்கள். அவருடைய தந்தை ராமலிங்க முதலியார் என்று நெல்லையில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பெயரைக் கட்டபொம்மன் வரலாறு படித்தவர்கள் மறந்திருக்க முடியாது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை வளைத்துக்கொண்டபோது, கோட்டைக்குள் போய்ச் சரணடையும்படி சொல்ல அனுப்பப்பட்ட துபாஷி ராமலிங்க முதலியார். வெள்ளையனுடைய சொல்லைத் தமிழில் கட்டபொம்மனிடம் சொன்னவர். கட்டபொம்மன் மறுத்ததும், அந்த ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கில் ஏற்றப்பட்டதும் உலகமறிந்த கதை.

ஆக, பாலத்தில் செலவான பணத்தில் ஒரு பகுதி எந்த வழியில் வந்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. கம்பெனியாரிடம் துபாஷி வேலை பார்த்த குடும்பங்கள் ஏழையாயிருந்ததாகக் கதை கிடையாது. தந்தை செய்த காரியத்துக்கு மகன் பிராயச்சித்தம் செய்தார் என்று சிலர் நினைக்கிறார்கள். முதலியார் மனதில் அப்படி ஏதாவது இருந்ததா என்று ஆராய்வதற்கு நாம் யார்? துபாஷிகள் சேர்த்த சொத்தெல்லாம் என்ன ஆயிற்று என்று பார்த்தால் ஒன்று மட்டும் புரியும். பங்களாக்கள் இடிந்தன, தோட்டங்கள் கைமாறின, வாரிசுகள் கோர்ட்டில் அலைந்து வக்கீல் வீட்டை வளர்த்தார்கள். ஆற்றில் போட்ட பணம் மட்டும் இன்னும் நிற்கிறது.

வசூல் என்றால் என்ன?

முதலியார் கையில் வந்த வேலை சுலபமானது என்று நினைக்க வேண்டாம். ஒரு வகையில் மிகச் சுலபம். கச்சேரியிலிருந்து தாசில்தார்களுக்கு ஓர் உத்தரவு எழுதினால் போதும். இன்ன தாலுகா இவ்வளவு, இன்ன கிராமம் இவ்வளவு என்று பிரித்துவிட்டால் பணம் வந்து சேர்ந்துவிடும்.

எப்படி வரும் என்பது அந்த உத்தியோகத்தில் இருந்தவருக்கு நன்றாகத் தெரியும். அந்நாளில் வரி பாக்கிக்காகக் குடியானவனை என்ன பாடுபடுத்தினார்கள் என்பதைச் சென்னை அரசாங்கம் நியமித்த சித்திரவதை விசாரணைக் கமிஷன் 1855-இல் வெளியிட்ட அறிக்கையில் பார்க்கலாம். அண்ணாந்தாள் போட்டு வெயிலில் குனிய வைப்பது, கிட்டி போட்டு விரல்களை நசுக்குவது, பட்டினி போடுவது, மாட்டைப் பிடித்துக் கட்டுவது எல்லாம் அந்த அறிக்கையில் எழுதப்பட்டவை. கமிஷன் வந்தது பதினைந்து ஆண்டுகள் கழித்து. வழக்கமோ அதற்கு முன்பிருந்தே இருந்தது.

பாலத்துக்கு நன்கொடை என்று கலெக்டர் துரை நினைத்தது நல்லெண்ணத்தோடுதான். ஆனால் கச்சேரியில் நன்கொடை என்று எழுதிய சொல், தாலுகாவுக்குப் போகும்போது வசூலாகும்; கிராமத்துக்குப் போகும்போது பாக்கியாகும். நன்கொடை கொடுக்காத குடியானவனின் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். பட்டியலைப் பார்த்துச் சேவகன் வருவான். வந்தவனுக்கும் படி கொடுக்க வேண்டும். ஆற்றையே பார்த்திராத சேத்தூர்க் குடியானவனும், ராஜபாளையத்துக் கரிசல்காட்டுக்காரனும் தாமிரபருணிப் பாலத்துக்காக மாட்டை விற்றிருப்பான். அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் சிரஸ்தார்.

முதலியாருக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று துரையிடம் சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். துரை இன்னொரு சிரஸ்தாரைப் போட்டுக்கொள்வார். வசூல் நடக்கும். நமக்கென்ன என்று இருந்திருக்கலாம்.

நெல்லையில் தலைமுறை தலைமுறையாக ஒரு கதை சொல்வார்கள். வசூல் பொறுப்பு வந்த அன்று இரவு முதலியாருக்குத் தூக்கம் வரவில்லையாம். அவருடைய மனைவி வடிவாம்பாள் காரணம் கேட்டறிந்தாராம். மற்றவர்களிடம் கையேந்துவானேன், நம்மிடம் இருப்பதைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லித் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தாராம். மறுநாள் முதலியார் பொன்னும் பணமுமாகத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கலெக்டர் முன்னால் வைத்தபோது, துரை வாயடைத்துப் போனாராம். அந்த ஒரு தட்டோடு முழுச் செலவும் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள முடியாது. மூன்று வருஷம் வேலை நடந்திருக்கிறது. மூன்று வருஷமும் வாரக் கூலி கொடுக்க வேண்டும், கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பணம் எண்ண வேண்டும். ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டுக் கழற்றிக் கொடுப்பது சுலபம். கணக்குப் பிள்ளை ஒவ்வொரு வாரமும் வந்து நிற்கும்போது முகம் கோணாமல் பெட்டியைத் திறப்பது கஷ்டம். வடிவாம்பாளின் பெருமை அந்த முதல் இரவைவிட, பின்னால் வந்த அந்த வாரங்களில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சத்திரமா, பாலமா?

அந்நாளில் தருமம் செய்ய நினைத்த பணக்காரர்கள் செய்த காரியங்கள் சில உண்டு. கோயிலுக்கு மண்டபம் கட்டுவார்கள். வழியில் சத்திரம் கட்டி அன்னம் போடுவார்கள். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்கள். வழிநடையாகப் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். எல்லாம் நல்ல காரியங்கள்தாம். ஆனால் பல சத்திரங்களில் இன்ன ஜாதிக்கு இன்ன இடத்தில் சாப்பாடு என்று பிரிவு இருந்தது. மண்டபத்துக்குள் எல்லோரும் போக முடியாது.

பாலத்துக்கு அந்தப் பேதம் கிடையாது. ஏறி நடந்தால் யாரையும் அக்கரை சேர்க்கும். படகில் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று சண்டை போட்டவர்கள் பாலத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போக வேண்டியதாயிற்று. முதலியார் இதை நினைத்துச் செய்தாரோ இல்லையோ, காரியம் அப்படி நடந்துவிட்டது.

சுங்கம் வைத்துப் போட்ட பணத்தை எடுத்துக்கொள்ளும் எண்ணமும் அவருக்கு இருக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாதிரியாக வைத்துக்கொண்ட லண்டன் வாட்டர்லூ பாலம் ஒரு கம்பெனி லாபத்துக்காகக் கட்டியது. நடந்து போகிறவர்களும் காசு கொடுத்தால்தான் போகலாம். 1878-இல்தான் அங்கே சுங்கம் எடுக்கப்பட்டது. நெல்லைப் பாலம் திறந்து 35 ஆண்டுகள் வரை, லண்டன் ஏழை தன் ஊர்ப் பாலத்தைக் கடக்கக் காசு கொடுத்துக்கொண்டிருந்தான். நெல்லை ஏழையோ வீசிய கையோடு போய்க்கொண்டிருந்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாட்டர்லூ பாலத்தின் தூண்கள் அடியில் மண் அரித்துக் கீழே அமிழத் தொடங்கி, 1934 முதல் அதை இடித்தே எடுத்துவிட்டார்கள். இப்போது லண்டனில் இருப்பது வேறு பாலம்.

வேலை நடந்தது

இரும்பும் சிமெண்டும் இல்லாத காலம். கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான் சாமான். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்துப் புளிக்க வைப்பது நம் கொத்தர்களின் பழக்கம். அந்தக் காரை இறுகினால் கடப்பாரைக்கும் அசையாது. வளைவு கட்டுவதென்றால் முதலில் மரத்தால் சாரம் அமைத்து, அதன்மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் கல்லை அடுக்கிக்கொண்டு வந்து, உச்சியில் ஆப்புக்கல்லை இறக்க வேண்டும். அதற்குப் பிறகு சாரத்தைப் பிரித்தால் வளைவு தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். சாரத்தைப் பிரிக்கும் நாளில் மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அப்படிப்பட்ட நாள்கள் பதினொன்று.

ஆற்றில் வேலை செய்யும் காலமோ குறைவு. மேல்காற்று வெள்ளத்துக்கும் வடகிழக்கு வெள்ளத்துக்கும் இடையிலும், தை முதல் வைகாசி வரையிலும்தான் தண்ணீர் தாழ்ந்திருக்கும். அதற்குள் அடித்தளம் போட்டுத் தூணை வெள்ள மட்டத்துக்குமேல் எழுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் போட்டதெல்லாம் கடலுக்குத்தான்.

1840-இல் எண்ணிய பாலம் 1843-இல் முடிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி திறப்பு விழா நடந்தது. அது வடகிழக்கு மழைக்காலம். ஆறு பெருகும் நாளில், அந்த ஆற்றின்மேலேயே ஜனங்கள் கால் நனையாமல் நடந்து போனார்கள். விழாவில் முதலியாரை மேளதாளத்தோடு முன்னால் நடக்கவிட்டு, துரைமார்கள் பின்னால் நடந்து வந்தார்கள் என்று நெல்லையில் சொல்வார்கள். வெள்ளைக்காரன் வரும்போது எழுந்து நிற்காதவனுக்கு உத்தியோகம் நிலைக்காத காலம் அது. அந்தக் காலத்தில் கச்சேரிச் சிப்பந்தி ஒருவர் பின்னால் கலெக்டர் நடந்து வந்தார் என்றால், அன்றைக்குக் கரையில் நின்று பார்த்தவர்கள் பேரன் பேத்திகளுக்குச் சொல்லாமல் இருந்திருப்பார்களா?

முகப்பில் முதலியார் பெயரைக் கல்லில் பொறித்தார்கள்.

அதற்குப் பிறகு

பாலம் வந்ததும் இரண்டு ஊரும் ஓர் ஊர் ஆகத் தொடங்கின. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடங்களுக்குத் திருநெல்வேலிப் பையன்கள் நடந்தே போனார்கள். அக்கரைக் காய்கறி இக்கரைச் சந்தைக்கு விடியுமுன் வந்தது. 1876-இல் ரயில் திருநெல்வேலிக்கு வந்தபோது, பாளையங்கோட்டைக்காரர்கள் ஸ்டேஷனுக்குப் போகப் பாலம் தயாராக இருந்தது. சேத்தூர்க் காரியஸ்தர் வாய்தாவுக்கு முதல் நாள் இரவே வந்து துறையில் படுத்துக் கிடக்க வேண்டிய அவசியமும் தீர்ந்தது.

ஆறு மட்டும் தன் குணத்தை விடவில்லை. பாலம் திறந்து 26 ஆண்டுகள் கழித்து, 1869-இல் வந்த பெருவெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயிற்று. 1871-இல் பழுது பார்த்து மறுபடி சேர்த்தார்கள். வண்டிகள் போய்க் கார்களும் பஸ்களும் லாரிகளும் வந்தபோது இருபத்தொன்றரை அடி அகலம் போதாமல் பாலத்தை அகலப்படுத்த வேண்டியதாயிற்று. ஊரைச் சுற்றிக்கொண்டு போக வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்குப் புறவழிச்சாலை போட்டு, அதற்கும் ஆற்றின்மேல் தனிப் பாலம் கட்டினார்கள். அதுவும் போதாமல் முதலியார் பாலத்துக்குப் பக்கத்திலேயே அண்மையில் இன்னொரு பாலமும் எழும்பிவிட்டது. புதிய பாலங்கள் கட்டும்போது நிலம் எடுப்பு, டெண்டர், நிதி ஒதுக்கீடு என்று வருஷக் கணக்கில் பேச்சு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு, 1840-இல் பேசி 1843-இல் நடந்து போனது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

1992 நவம்பரில் ஒரு வெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மறுபடி பெரிய மழை கொட்டிற்று. தாமிரபருணி இரண்டு கரையையும் மீறி ஜங்ஷன் பக்கத்துத் தெருக்களுக்குள் புகுந்தது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலும் தண்ணீர் நின்றது. வெள்ளம் வடிந்ததும் ஜனங்கள் முதலில் போய்ப் பார்த்தது பாலத்தைத்தான். அது இருந்தது. மறுபடி பஸ்கள் ஓடத் தொடங்கின.